எரேமியா 29:11
எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு அனுப்பிய கடிதத்தில் வரும் வசனம். வாக்குத்தத்த அட்டைகளில் இது தனிமனிதருக்கான உடனடி ஆசீர்வாதமாக அச்சாகிறது. கடிதத்தின் போக்கோ வேறு. கி.மு. 597இல் பாபிலோனின் நேபுகாத்நேச்சார், எருசலேமின் அரசன் எகொனியாவையும் கைவினைஞர் உள்ளிட்ட பலரையும் சிறைபிடித்துச் சென்றான். இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி முழங்கினான் (அதிகாரம் 28). எரேமியா மறுத்தார். அங்கேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, பிள்ளைகளுக்கு மணம் முடித்து, பகைவரின் நகரம் நலமாயிருக்க மன்றாடும்படி எழுதினார். கேட்டவர்களுக்கு இது கசந்திருக்கும். மீட்பு 70 ஆண்டு கழித்தே என்கிறது பத்தாம் வசனம். எனவே இந்த வசனத்தின் வாக்குறுதி ஒரு சமூகத்துக்கு உரியது. முதியவர் பலர் அதன் நிறைவைக் கண்டிருக்க முடியாது. பாபிலோனிலிருந்த செமாயா என்பவன், இந்தக் கடிதத்துக்காக எரேமியாவைத் தண்டிக்கும்படி எருசலேமுக்குப் புகார் எழுதியதும் இதே அதிகாரத்தில் உள்ளது.