கிரிக்கெட் லீக்குகளும் சந்தைப் போட்டிச் சட்டமும்

ஒரு துறையில் வலிமை பெற்ற அமைப்பு, மற்றவர்கள் அத்துறையில் நுழையாதபடி தடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் சந்தைப் போட்டிச் சட்டம் எனப்படும். தொழில்முறை விளையாட்டுக்கு இச்சட்டம் பொருந்துமா என்ற கேள்வி அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுந்தது. இந்தியாவில் அது கிரிக்கெட்டின் வழியாக வந்தது. தமிழில் ‘போட்டி’ என்ற ஒரே சொல் ஆட்டத்தையும் வணிகப் போட்டியையும் குறிப்பதால், இக்கட்டுரையில் பின்னது ‘சந்தைப் போட்டி’ எனப்படுகிறது.

விளையாட்டின் தனித்தன்மை

மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஒரு ஜவுளிக்கடை மூடப்பட்டால், பக்கத்துக் கடைக்கு வியாபாரம் கூடும். விளையாட்டில் அப்படியில்லை. எதிரணி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. எனவே ஒரு லீக்கின் அணிகள் தமக்குள் சில உடன்பாடுகள் செய்துகொள்வது தவிர்க்க இயலாதது. ஆட்ட விதி, அட்டவணை, வீரர் ஒதுக்கீடு ஆகியவை அத்தகையவை. ஆனால் வேறொரு லீக் தோன்றவே கூடாது என்று தடுப்பதும் அந்த உடன்பாட்டில் அடங்குமா என்பதே சிக்கல்.

வெளிநாட்டு முன்னோடிகள்

1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல என்று கூறி, அதற்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. கர்ட் பிளட் என்ற வீரர், தம் விருப்பத்தைக் கேளாமல் தம்மை வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குத் தொடுத்து 1972-இல் தோற்றார். 1998-இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் முதன்மை லீக் வீரர்களின் பணி தொடர்பான விலக்கை நீக்கியது. அச்சட்டம் பிளட்டின் பெயரையே தாங்கியது.

கிரிக்கெட்டில், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி உரிமையாளர் கெர்ரி பேக்கர் 1977-இல் தனித் தொடரைத் தொடங்கினார். அதில் சேர்ந்த வீரர்களுக்கு அமைப்புகள் விதித்த தடை, ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுப்பது எனக் கூறி லண்டன் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

ஐ.சி.எல். அனுபவம்

இந்தியாவில் 2007-இல் சுபாஷ் சந்திராவின் எஸ்ஸெல் குழுமம் இந்தியன் கிரிக்கெட் லீக்கை (ஐ.சி.எல்.) தொடங்கியது. கபில் தேவ் அதன் பொறுப்பில் இருந்தார். இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் இதை அங்கீகரிக்கவில்லை. அதில் சேர்ந்த வீரர்கள் வாரியத்தின் ஆட்டங்களிலிருந்து விலக்கப்பட்டனர். தமிழகத்தின் ஹேமங் பதானி ஆடிய சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணி 2007 டிசம்பரில் முதல் கோப்பையை வென்றது. ஆனால் அந்த வெற்றி வாரியத்தின் கணக்கில் ஏறவில்லை.

2008 ஏப்ரலில் வாரியம் ஐ.பி.எல். தொடரைத் தொடங்கியது. 2009-இல், ஐ.சி.எல். உறவை முறித்துக்கொள்ளும் வீரர்களுக்கு மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அத்துடன் ஐ.சி.எல். முடிவுக்கு வந்தது.

போட்டிச் சட்டம் 2002-இலேயே நிறைவேறியது. எனினும் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அதன் 4-ஆம் பிரிவு 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தபோது காப்பாற்ற வேண்டிய லீக் இல்லை.

ஆணையத்தின் தீர்ப்புகள்

2010-இல் கிரிக்கெட் ரசிகர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் வாரியத்தின்மீது புகார் அளித்தார். விசாரணையில் ஐ.பி.எல். ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் ஒரு விதி முக்கியமானது. ஐ.பி.எல். தொடருக்குப் போட்டியான வேறு எந்த உள்நாட்டுத் தொழில்முறை இருபது ஓவர் தொடரையும் நடத்துவதோ அங்கீகரிப்பதோ இல்லை என்று ஒளிபரப்பாளருக்கு வாரியம் உறுதியளித்திருந்தது.

2013 பிப்ரவரி 8 அன்று ஆணையம் இதைச் சட்ட மீறல் எனக் கூறி ரூ.52.24 கோடி அபராதம் விதித்தது. வாரியத்திற்குப் பதிலளிக்க உரிய வாய்ப்புத் தரப்படவில்லை என்ற அடிப்படையில் 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, புதிதாக விசாரிக்க உத்தரவிட்டது. 2017 நவம்பர் 29 அன்று ஆணையம் மீண்டும் அதே முடிவுக்கு வந்து, அதே தொகையை அபராதமாக விதித்தது.

ஆனால் ஆணையம் எல்லா விளையாட்டு அமைப்புகளையும் தண்டிக்கவில்லை. உலக ஹாக்கித் தொடர் தொடர்பாக முன்னாள் கேப்டன் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்டோர் ஹாக்கி இந்தியாவின்மீது தொடுத்த வழக்கில், 2013 மே மாதம் மீறல் இல்லை என்று கூறியது. விளையாட்டை ஒழுங்குபடுத்த ஓர் அமைப்பு இருப்பது குற்றமல்ல. அந்த அதிகாரத்தைத் தன் வணிகத்தைக் காக்கப் பயன்படுத்தினால்தான் சட்டம் தலையிடுகிறது.

ஒரே கையில் இரு பொறுப்பு

வாரிய நிர்வாகிகள் ஐ.பி.எல். அணிகளில் வணிக நலன் கொள்ள 2008-இல் விதி திருத்தப்பட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமையாளராக அப்போது இருந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் வாரியத்திலும் பதவி வகித்தார். 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாததாக்கியது. இது போட்டிச் சட்ட வழக்கு அல்ல. ஆயினும் விதி செய்பவரே வணிகமும் செய்யலாமா என்ற கேள்வி இரண்டிற்கும் பொதுவானது.

மதுரையும் டி.என்.பி.எல். தொடரும்

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) 2016-இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. மதுரை அணியும் அதில் ஒன்று. மதுரையை அடுத்த நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் ஆட்டங்கள் நடந்தன. 2018-இல் மதுரை பாந்தர்ஸ் அணி, இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் அணியை வீழ்த்திக் கோப்பையை வென்றது.

ஐ.சி.எல். போலன்றி, இத்தொடர் வாரியத்தின் உறுப்பினரான தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்துவது. எனவே வாரியத்தின் அனுமதிக்கு உட்பட்டது. வெளிமாநில வீரர்களைச் சேர்க்கத் தொடக்க ஆண்டில் அந்த அனுமதி கிடைக்கவில்லை.

மதுரை, மேலூர், திருமங்கலம் பகுதி இளைஞர் ஒருவருக்கு மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், வாரியம் என ஒரே ஏணிதான் உண்டு. டி.என்.பி.எல். அந்த ஏணியில் ஒரு படியைக் கூட்டியது. இன்னொரு ஏணியைத் தரவில்லை. இருக்கும் ஏணியிலிருந்து விலக்கப்பட்டவருக்கு வேறு வழி உண்டா என்பதே, பிளட் முதல் ஐ.சி.எல். வீரர்கள் வரை, இந்த வழக்குகள் அனைத்திற்கும் அடிப்படையான கேள்வி ஆகும்.