ஊர் வெறுமையான நாட்களில் மாறிய காணிச் சட்டம்: கொட்ரிங்டன் கிராமத்தின் கதை

கரீபியன் தீவுகளில் ஒன்றான பார்புடா, அன்டிகுவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில் உள்ளது. 161 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தத் தீவில் ஊர் என்று சொல்ல இருப்பது கொட்ரிங்டன் ஒன்றுதான்.

1685 இல் ஆங்கிலேய முடி இத்தீவைக் கொட்ரிங்டன் சகோதரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பின்னர் புதுப்பித்த குத்தகைக்கு வாடகை ஆண்டுக்கு ஒரு கொழுத்த செம்மறியாடு. அதுவும் கேட்டால் மட்டுமே. வறண்ட மண்ணில் கரும்பு செழிக்கவில்லை. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களது சந்ததியினரும் கால்நடை வளர்த்து, தானியம் விளைவித்து, அன்டிகுவாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பினர். அவர்கள் உருவாக்கிய குடியிருப்பே முதலாளி குடும்பத்தின் பெயரை இன்றும் சுமக்கிறது.

1834 இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870 இல் கொட்ரிங்டன் குடும்பத்தின் குத்தகையும் முடிந்தது. ஊரவர் காணியை வேலி போட்டுப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு துண்டு, பயிருக்கு ஒரு துண்டு, மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் மீதித் தீவு என்று பொதுவில் ஆண்டனர். 1904 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை முடியின் குடியிருப்பாளர்கள் என்றே குறித்தது. 1981 இல் அன்டிகுவாவுடன் ஒரே நாடாகச் சுதந்திரம் கிடைத்த பின்னரும் காணிப் பிணக்கு ஓயவில்லை. 2007 ஆம் ஆண்டுக் காணிச் சட்டம்தான் தீவு முழுவதும் பார்புடா மக்களின் பொதுச் சொத்து என்று எழுதிவைத்தது. பார்புடாவைச் சேர்ந்த தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த பிள்ளை, எந்த நாட்டில் பிறந்தாலும் பார்புடாக்காரரே என்றும் அது வரையறுத்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய பார்புடாக் குடும்பங்களுக்கு அது பெரிய விடயம்.

2017 செப்டெம்பர் 6 அதிகாலை இர்மா சூறாவளி தீவைத் தாக்கியது. ஒரு குழந்தை உயிரிழந்தது. பெரும்பாலான கட்டடங்கள் சிதைந்தன. அடுத்த சூறாவளியும் நெருங்கியதால் ஏறத்தாழ 1,800 பேரும் அன்டிகுவாவுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். முந்நூறு ஆண்டுகளில் முதன்முறையாக ஊர் வெறுமையானது. மின்சாரமும் பாடசாலையும் இன்றிப் பெரும்பாலான குடும்பங்கள் மாதக்கணக்கில் திரும்ப முடியவில்லை.

அந்த மாதங்களிலேயே தீவில் புதிய விமான நிலையத்துக்கு நிலம் துப்புரவாக்கப்பட்டது. பொதுக்காணி முறையை நீக்கித் தனியுடைமையாக்கும் திருத்தச் சட்டமும் வந்தது. குடியிருக்கும் துண்டை ஒரு டொலருக்கு வாங்கிக்கொள்ளலாம், உறுதி கையில் இருந்தால் வங்கிக் கடன் பெற்று வீடு கட்டலாம் என்றது அரசு. பொதுக்காணியைத் துண்டாக்கினால் கடைசியில் அது பணக்காரர் கைக்கே போகும் என்றனர் எதிர்த்தவர்கள்.

வழக்குகள் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றன. 2022 இல் காணி வழக்கில் ஊரவர் தோற்றனர். விமான நிலைய அனுமதியை எதிர்த்து வழக்காட உள்ளூர்வாசிகளுக்கு உரிமை உண்டு என்று 2024 இல் அதே மன்று தீர்ப்பளித்தது.

கொட்ரிங்டன் மக்கள் பலர் திரும்பிவந்து மீண்டும் வீடு கட்டினர். ஆனால் அவர்கள் விட்டுப்போன காணியும் திரும்பி வந்த காணியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஊரில் ஆளில்லாத காலத்தில் காணி பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதைத் தொலைவில் இருப்பவர்களும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும்.