மலேயாவின் புலியும் ஒரு மோட்டார் தொழிற்சாலையும்

ஒரகடம் பக்கம் ஜப்பானியர்களைப் பார்ப்பது இப்போது அதிசயமில்லை. நிசான் தொழிற்சாலை வந்தபின் ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பலகைகளும் வந்துவிட்டன. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஜப்பான்காரன் என்றால் குண்டு பயம்தான். 1942-இல் மூட்டை கட்டிக்கொண்டு சென்னையை விட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். அந்தப் பயத்துக்குப் பெரிய காரணமாக இருந்தவர் ஜெனரல் தொமோயுகி யமஷிதா. 'மலேயாவின் புலி' என்பது அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இரண்டாம் உலகப்போர் என்றால் ஹிட்லர், தெ கோல், பாரிஸ் மீட்பு, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கதையிலும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1940 செப்டம்பரிலேயே புதுச்சேரி தெ கோல் பக்கம் சேர்ந்தது. இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சு நிர்வாகமோ விஷி அரசின் பக்கம் நின்று ஜப்பான் படைக்கு இடம் கொடுத்தது. நம் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் உத்தியோகம் பார்த்த அதே சைகோன் பக்கத்திலிருந்து பறந்த விமானங்கள்தான் 1941 டிசம்பர் 10-இல் பிரிட்டிஷாரின் இரண்டு பெரிய போர்க்கப்பல்களை மூழ்கடித்தன.

அதற்கு இரண்டு நாள் முன்பே யமஷிதாவின் 25-ஆவது படை மலேயாவின் வடக்கிலும் தெற்குத் தாய்லாந்திலும் இறங்கிவிட்டது. ரப்பர் தோட்டச் சாலைகளில் அவருடைய சிப்பாய்கள் சைக்கிளில் தெற்கே வந்தார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். மொத்தம் 70 நாள்.

சரணாகதிக் கையெழுத்து நடந்த இடம் புக்கித் தீமாவில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை. யமஷிதாவிடம் இருந்தது சுமார் 30,000 பேர். குண்டுகளும் தீரும் நிலை. எதிரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், அதில் பாதியளவு இந்தியச் சிப்பாய்கள். தன் பலவீனம் தெரிந்துவிடக் கூடாதே என்று மேசையைத் தட்டி, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலை மிரட்டியே காரியத்தை முடித்தார். பின்னர் அதே தொழிற்சாலையில் ஜப்பான் ராணுவத்துக்கு லாரிகள் தயாராயின. தயாரித்தது நிசான். இன்று அந்தக் கட்டடம் நினைவுக் காட்சியகம்.

வெற்றிக்குப் பின் நடந்தது கொடுமை. சில நாள்களிலேயே சிங்கப்பூர்ச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுடப்பட்டார்கள். ஜூலையில் யமஷிதா மஞ்சூரியாவுக்கு மாற்றப்பட்டார். அவர் பிடித்துக் கொடுத்த மலேயாவின் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றார்கள்.

1944 அக்டோபரில் அவரைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். 1945-இல் மணிலாவில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் யமஷிதாவை விசாரித்தது. 'நான் மணிலாவைக் காலி செய்யச் சொன்னேன், அங்கே இருந்தது கடற்படை, எனக்குச் செய்தியே வரவில்லை' என்பது அவர் தரப்பு வாதம். 'உன் கீழ் உள்ளவர்களை அடக்காததே குற்றம்' என்பது தீர்ப்பு. அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இதை எதிர்த்து எழுதினார்கள், பலனில்லை. 1946 பிப்ரவரி 23-இல் தூக்கு.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த வழக்கு சட்டென்று புரியும். கீழே தப்பு நடந்தால் மேலதிகாரி முதலில் சொல்வது 'என் கவனத்துக்கு வரவில்லை' என்பதுதான். ஒரு சின்னக் கோப்புக்கே அந்தச் சாக்கு செல்லாது; லட்சம் உயிருக்கு எப்படிச் செல்லும்? ஆனாலும் அவர் உண்மையில் என்ன அறிந்திருந்தார் என்பதை நிரூபிக்காமல் தூக்கில் போட்டது சரியா என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. சிங்கப்பூர்ப் படுகொலை வழக்கு 1947-இல் நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயரோடு வரிசையாகக் கற்கள் இருக்கின்றன. அதே ரயில் பாதையில் செத்த தமிழர்களுக்குச் சரியான பதிவேடே கிடையாது. பதிவேட்டில் ஏறாத பெயருக்கு எந்த நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்?

உங்கள் குடும்பத்திலும் மலேயா போய்த் திரும்பாத ஒரு தாத்தா, ஒரு சித்தப்பா இருந்திருக்கலாம். பெயர், ஊர், தோட்டம், எது தெரிந்தாலும் ஒரு நோட்டில் எழுதி, பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.