ஐந்தாம் நிலையில் ஒரு நடிகர்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை செய்யும்போது ஐந்தாம் நிலையில் நம் உள்ளம் நெடுநேரம் தங்குவதில்லை. நான்காம் நிலையில் தாய் தம் மகனைச் சந்திக்கிறார். ஆறாம் நிலையில் வெரோணிக்கா தம் துகிலால் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைக்கிறார். உருக்கமான இவ்விரு காட்சிகளுக்கும் இடையே, வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்னும் வழிப்போக்கர் பிறருடைய சிலுவையைத் தம் தோளில் ஏற்கிறார். அவர் அவ்வூரார் அல்லர், சீடருமல்லர். சிறிது தொலைவு சுமந்தபின் நற்செய்தியின் ஏடுகளிலிருந்தே மறைந்துவிடுகிறார். ஆயினும் அவர் தோள் கொடுத்த அந்தச் சிறு தொலைவைத் திருச்சபை இன்றுவரை மறக்கவில்லை.

திரையுலகிலும் இத்தகைய மனிதர் உண்டு. நாம் அவர்களைக் குணச்சித்திர நடிகர்கள் என்கிறோம். கதை அவர்களுடையதன்று, வெற்றியும் காதலும் கதைத் தலைவனுக்கே உரியவை. அவர்கள் வருகிறார்கள், கதையின் பாரத்தில் ஒரு பகுதியைச் சுமக்கிறார்கள், விலகிக்கொள்கிறார்கள். ஹாலிவுட்டில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இப்பணியைச் செய்தவர் கார்ல் மால்டன். கத்தோலிக்கரல்லாத அவர், 20-ஆம் நூற்றாண்டின் மறக்கவொண்ணாத கத்தோலிக்கக் குருவாகத் திரையில் தோன்றினார். அவர் வாழ்வை எண்ணிப் பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

1912-ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று சிகாகோ நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மிலாடன். குடும்பப் பெயர் செக்குலோவிச். தந்தை, ஹெர்சகோவினாப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த செர்பியர். தாய் செக் இனத்தவர். இண்டியானா மாநிலத்தின் கேரி என்னும் இரும்பாலை நகரில் சிறுவன் வளர்ந்தான். பள்ளியில் சேரும்வரை அவன் அறிந்த மொழி செர்பியமே. ஆலையில் உழைத்தும் வீடுவீடாகப் பால் ஊற்றியும் குடும்பத்தைக் காத்த தந்தை, செர்பிய ஆர்த்தடாக்ஸ் கோவிலில் பாடகர் குழுவை நடத்தினார், நாடகங்களும் போட்டார். மால்டன் நடிப்பின் முதற்பாடத்தைக் கற்றது அக்கோவிலில்தான்.

பள்ளி நாள்களில் கூடைப்பந்து ஆடும்போது அவருடைய மூக்கு இருமுறை உடைந்தது. அகன்று வளைந்த அந்த மூக்கு, கதைத் தலைவன் வேடங்களுக்கான வாயிலை அடைத்துவிட்டது எனலாம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மூன்றாண்டுகள் இரும்பாலையில் வேலை செய்தார். 1934-இல் சிறு சேமிப்புடன் சிகாகோ சென்று குட்மன் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1937-இல் நியூயார்க் நாடக அரங்குகளை அடைந்தார். இக்காலத்தில்தான், விளம்பரப் பலகைக்கு ஏற்றதன்று எனக் கருதப்பட்ட தம் பெயரை மாற்றிக்கொண்டார். மிலாடன் என்பதன் எழுத்துகளைச் சற்றே இடம் மாற்றியதால் மால்டன் பிறந்தது. இம்மாற்றம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் உறுத்தலாகவே இருந்தது. ஆதலால் வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் தம் படங்களில் எவரேனும் ஒரு சிறு பாத்திரத்துக்குச் செக்குலோவிச் என்ற பெயர் சூட்டச் செய்தார். 1970-இல் வெளிவந்த ‘பேட்டன்’ படத்தில் தளபதி பிராட்லியாக வரும் அவர், தலைக்கவசத்தை எடுத்துத் தரும்படி ஒரு படைவீரரைச் செக்குலோவிச் என்றே விளிக்கிறார். பால்காரத் தந்தைக்கு மகன் செலுத்திய கடன் அது.

இயக்குநர் எலியா கசான் அவருடைய திறமையை உணர்ந்தவர். டென்னசி வில்லியம்ஸ் எழுதிய ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தில், 1947-இல் மிச் என்னும் எளிய, கூச்சமுள்ள மனிதராக மால்டன் நடித்தார். 1951-இல் அது திரைப்படமானபோது அதே வேடம் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது.

1953-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘ஐ கன்ஃபெஸ்’ வெளிவந்தது. கனடாவின் கியூபெக் நகரில் ஒருவன் கொலை செய்துவிட்டு, அதனை ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனமாக அறிக்கையிடுகிறான். பழியோ குருவின்மேல் விழுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்தைக் காக்கும் கடமையால் அவர் வாய் திறவாமல் இருக்கிறார். அம்மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாகக் கருதி விடாப்பிடியாக விசாரிக்கும் காவல் அதிகாரியாக மால்டன் நடித்தார். அவ்வதிகாரி தீயவர் அல்லர், நீதியைத் தேடுபவர். ஆனால் குருத்துவத்தின் உட்பொருள் அவருக்கு எட்டவில்லை. அதே நடிகர் மறு ஆண்டே மேசையின் இப்புறத்திலிருந்து எழுந்து அப்புறம் சென்று, தாமே குருவாக நிற்க நேர்ந்தது.

‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ என்னும் அப்படத்தின் பின்னணி கற்பனையன்று. நியூயார்க் துறைமுகத்தில் நாள்தோறும் காலையில் சுமைதூக்குவோர் அரைவட்டமாக நிற்க, ஆள் எடுக்கும் மேஸ்திரி தமக்கு வேண்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பார். காதிடுக்கில் பல்குச்சி செருகி நிற்பது, கூலியில் பங்கு தர இசைவு என்பதற்கான அடையாளம். தொழிற்சங்கம் குண்டர்களின் பிடியிலிருந்தது. எதிர்த்துப் பேசியோர் தாக்கப்பட்டனர், கொல்லப்பட்டோரும் உண்டு. மால்கம் ஜான்சன் என்னும் செய்தியாளர் 1948-இல் நாளிதழில் தொடராக எழுதி இவற்றை அம்பலப்படுத்தினார். 1949-இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

அவருக்கும், பின்னர் திரைக்கதை ஆசிரியர் பட் ஷூல்பர்க்குக்கும் துணை நின்றவர் இயேசு சபைக் குருவான அருட்தந்தை ஜான் காரிடன். காவலர் ஒருவரின் மகனாகிய அவர், 1946 முதல் மன்ஹாட்டனில் இயேசு சபையினர் நடத்திய சேவியர் தொழிலாளர் பள்ளியில் பணியாற்றினார். 1948-இல் ஜெர்சி நகரில் கத்தோலிக்க ஆடவர் சங்கமொன்றில் அவர் ஆற்றிய உரை துறைமுகத்தையே உலுக்கியது. ஆள் எடுக்கும் அந்த அரைவட்டத்தில் கிறிஸ்துவும் நிற்கிறார். வேலை மறுக்கப்பட்டுத் திரும்புகிறவரோடு அவரும் திரும்புகிறார் என்பதே அவ்வுரையின் சாரம். ஷூல்பர்க் அதனைத் தழுவியே படத்தின் உச்சக் காட்சியை எழுதினார்.

காரிடனுடன் நாள்களைக் கழித்து அவருடைய நடையையும் பேச்சையும் மால்டன் உள்வாங்கிக்கொண்டார். கப்பலின் அடித்தளத்தில் சரக்குப் பெட்டிகள் விழுந்து ஒரு தொழிலாளி மடிந்து கிடக்கிறார். குரு இறங்கிச் சென்று உடலருகே நின்று பேசுகிறார். சிலுவையில் அறைதல் கல்வாரியோடு முடிந்ததன்று. உண்மை பேச முன்வந்தவரைக் கொல்லும் ஒவ்வொரு செயலும், அதனைக் கண்டும் வாளாவிருக்கும் ஒவ்வொரு மௌனமும் அதன் தொடர்ச்சியே என்கிறார். மேலிருந்து அழுகிய பழங்கள் எறியப்படுகின்றன. தகரக் குவளை ஒன்று நெற்றியில் பட்டுக் குருதி வழிகிறது. அவர் நிறுத்தவில்லை. முடிவில், இறந்தவரின் உடலோடு அதே சரக்குத் தட்டில் நின்றவாறு பளுதூக்கியால் மேலே இழுக்கப்படுகிறார். ஆடுகளோடு ஆடாக மடிய அஞ்சாத ஆயனை அக்காட்சியில் காண்கிறோம்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இப்படத்தில் மால்டன் செர்பிய ஆர்த்தடாக்ஸ் மரபினர், கசான் கிரேக்கக் குடும்பத்தவர், ஷூல்பர்க் யூதர். அயலார் மூவர் சேர்ந்து ஒரு கத்தோலிக்கக் குருவின் குரலை உலகுக்குக் கேட்கச் செய்தனர். ஆனால் துறைமுகத்தில் அக்குருவை எதிர்த்தவர்கள் யார்? சங்கத் தலைவர் ஜோசப் ரையன் கத்தோலிக்கர். திருச்சபை வட்டாரங்களில் மதிக்கப்பட்டவர். காரிடன் குழப்பம் விளைவிக்கிறார் எனக் குறைகூறிய குருக்களும் இருந்தனர். அன்று எருசலேமில் சிலுவை சுமக்க வெளியூரார் ஒருவரே வாய்த்தார். சீடர்கள் எங்கிருந்தனர் என்னும் கேள்வி அன்றைக்கு மட்டும் உரியதன்று.

படத்தின் முடிவில் தொழிலாளர் வெல்கின்றனர். மெய்வாழ்வில் அவ்வாறு நிகழவில்லை. அரைவட்டத்தில் ஆள் எடுக்கும் முறை 1953-இன் இறுதியில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது உண்மையே. ஆனால் காரிடன் ஆதரித்த புதிய சங்கம், 1954-ஆம் ஆண்டு மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் சிறிய வேறுபாட்டில் பழைய சங்கத்திடம் தோற்றது. அடுத்த சில வாரங்களில், ஜூலை மாதம் படம் வெளியாயிற்று. எட்டு ஆஸ்கார் விருதுகளைக் குவித்தது. சிறந்த துணை நடிகருக்கான பரிந்துரையில் இப்படத்திலிருந்து மட்டும் மூவர் இருந்தனர். மால்டன் அவர்களுள் ஒருவர். விருது வேறொருவருக்குச் சென்றது. காரிடன் பின்னாளில் துறைமுகத்தைவிட்டு அகன்று கல்லூரியில் கற்பித்தார், 1984-இல் மறைந்தார். நடிகரும் குருவும் இருவருமே, தாம் சுமந்த கதையின் வெற்றி தமக்குரியதாகாமலே விலகிச் சென்றனர்.

இப்படத்தின் மேல் வேறொரு நிழலும் உண்டு. பொதுவுடைமையினரைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன், கசான் 1952-இல் தம் பழைய தோழர்களின் பெயர்களை வெளியிட்டார். பலருடைய பிழைப்பைப் பறித்த வேட்டை அது. சாட்சி சொல்பவனைப் போற்றும் இப்படம், கசான் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட நியாயம் எனப் பலர் கருதினர். வலியோரின் கொடுமையை எளியோர் நலனுக்காக வெளிப்படுத்துவது சாட்சியம். தன்னைக் காக்கத் தோழரைக் கைவிடுவது வேறு. கசான் செய்தது எது என்பதில் கருத்துகள் இன்றும் ஒன்றுபடவில்லை. 1999-இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் வழங்க வேண்டுமென முன்மொழிந்தவர் மால்டன். விழாவில் சிலர் எழுந்து நின்று வாழ்த்தினர்; சிலர் கை தட்டாமலே அமர்ந்திருந்தனர். நண்பரின் சுமையையும் மால்டன் இறக்கி வைக்கவில்லை.

திருச்சபையின் தீர்ப்பும் அவருக்கு எப்போதும் இனிதாக அமையவில்லை. குருவாக நடித்த இரண்டே ஆண்டுகளில், 1956-இல், ‘பேபி டால்’ என்னும் படத்தில் இளம் மனைவியிடம் அல்லலுறும் பஞ்சாலைக்காரராக வந்தார். அப்படத்தைக் கத்தோலிக்கத் திரைப்படத் தணிக்கை அமைப்பு கண்டனத்துக்குரியதென அறிவித்தது. கர்தினால் ஸ்பெல்மன் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தின் மறையுரை மேடையில் நின்று, அதனைக் காண்பது பாவம் எனத் தம் மக்களைத் தடுத்தார். 1995-இல் திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டபோது, மனித விழுமியங்களைப் போற்றும் படங்களின் வரிசையில் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ இடம்பெற்றது. தடைசெய்யப்பட்ட படத்திலும் போற்றப்பட்ட படத்திலும் நடித்த முகம் ஒன்றே. குணச்சித்திர நடிகர் தமக்குப் பிடித்த மனிதரை மட்டும் சுமப்பதில்லை. இழிந்தவனும் அவர் தோளுக்கு உரியவனே.

பின்னர் அவர் சிறைக் கண்காணிப்பாளராக, போதகராக, படைத்தலைவராகப் பல படங்களில் நடித்தார். 1972 முதல் 1977 வரை ‘தி ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோ’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் முதிய காவல் அதிகாரியாக வந்து இல்லந்தோறும் அறிமுகமானார். 1989-இல் ஆஸ்கார் விருதுகளை வழங்கும் அகாதமியின் தலைவரானார். 1938-இல் மோனாவை மணந்த அவர், எழுபது ஆண்டுகள் அவரோடு இல்லறம் நடத்தினார். மணமுறிவுகளுக்குப் பேர்போன ஓர் ஊரில் இது சிறிய செய்தியன்று.

அவருடைய கடைசி வேடமும் கத்தோலிக்கக் குருவே. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘தி வெஸ்ட் விங்’ என்னும் தொடரின் ஒரு பகுதியில், 87 வயதில் அவர் தோன்றினார். மரண தண்டனை பெற்ற ஒருவரைக் காக்கும் அதிகாரம் இருந்தும் தயங்கி நிற்கும் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரை, அவருடைய பழைய பங்குக் குரு இரவில் காண வருகிறார். அதற்குள் தண்டனை நிறைவேறிவிடுகிறது. நாட்டின் தலைவர் முழந்தாளிட, முதிய குரு அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கத் தொடங்குகிறார். அப்போது மால்டன் கையில் வைத்திருந்த விவிலியம், ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ படத்தில் அவர் பயன்படுத்திய அதே நூல். மரண தண்டனை எந்நிலையிலும் ஏற்கத் தக்கதன்று எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் மாற்றம் செய்ததை அறிந்த நமக்கு, அக்காட்சி இன்று இன்னும் ஆழமாகப் பேசுகிறது.

ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஒரு நடிகர் ஏன் அந்நூலைப் பேணி வைத்திருந்தார்? படப்பிடிப்பு முடிந்ததும் உடைகள் பெட்டிக்குத் திரும்பும்; அரங்கம் கலைக்கப்படும். ஆனால் பிறருடைய சிலுவையைச் சிறிது தொலைவேனும் உண்மையாகச் சுமந்தவர் தோளில் அதன் தழும்பு தங்கிவிடும் போலும். சீமோன் அன்று மாலை வீடு திரும்பியபோதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று, 97-ஆம் வயதில் மால்டன் காலமானார். அவர் அருட்பொழிவு பெற்றவர் அல்லர். அவர் அணிந்த உடை வேடம். பேசிய சொற்கள் காரிடனுடையவை. அருட்பொழிவிலும் திருமுழுக்கிலும் பெற்ற பேற்றை நாம் மெய்யாகவே உடையவர்கள். கப்பலின் அடித்தளத்தில் எளியவர் ஒருவர் மடிந்து கிடக்கும்போது இறங்கிச் செல்ல வேண்டியது வேடமிட்டவரா, நாமா? அடுத்த தவக்காலத்தில் ஐந்தாம் நிலையில் முழந்தாளிடும்போது, இக்கேள்வியோடு நாம் சற்று நேரம் தங்கியிருக்கலாம்.