ஆஹோ: பாலைவனச் சிற்றூர் வாழ்க்கை

ஆஹோ என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிஸோனா மாநிலத்தில், ஸோனோரப் பாலைவனத்தின் நடுவே, மெக்ஸிகோ எல்லைக்கு வடக்கே 60 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள சிற்றூர். ஏறத்தாழ 3,000 பேரே வசிக்கும் இவ்வூரின் நிசப்தத்தைப் பாலை நிலத்தின் இயற்கைக் குணம் என்று கொள்வது தவறு. அது, செப்புத் தொழில் நின்றுபோனதால் நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ கார்னீலியா கம்பெனி இங்கே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியது. அதன் நிர்வாகியான ஜான் கிரீன்வேயின் முயற்சியால், வளைவுகள் தாங்கிய நடைமண்டபங்களும் பனைவகை மரங்களும் சூழ்ந்த விசாலமான சதுக்கம் ஊரின் மையத்தில் உருவாயிற்று. ஆயினும் வெள்ளையருக்கும் மெக்ஸிகரென வழங்கப்பட்டோருக்கும் இம்மண்ணின் ஆதிக்குடிகளான டோஹோனோ ஊதாம் மக்களுக்கும் தனித்தனிக் குடியிருப்புகளை வகுத்த கம்பெனியின் செய்கை, அவ்வழகிய திட்டத்தின் மீது படிந்த களங்கமாகவே எண்ணத்தக்கது. 1931இல் சுரங்கம் பெல்ப்ஸ் டாட்ஜ் கம்பெனியின் வசமாயிற்று. 1983இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. 1985இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை இழந்த குடும்பங்கள் பல வெளியேற, காலியான வீடுகளை மலிவாக வாங்கிக்கொண்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறினர்.

இங்குள்ள அன்றாட வாழ்க்கையை வெயிலே வகுக்கிறது. கோடையில் உஷ்ணம் 40 பாகைக்கு மேல் ஏறுவது சாதாரணமாதலால், தோட்ட வேலையும் உலாவும் சூரியோதயத்தை ஒட்டியே முடிந்துவிடும். நடுப்பகலில் வீதிகளில் ஆள் நடமாட்டம் அரிது. குளிர்காலமோ மிகவும் இதமானது. வடமாநிலங்களின் பனிக்கு அஞ்சிய முதியோர் வண்டி வீடுகளுடன் வந்து சில மாதம் தங்கி, வெயில் கடுமையாகுமுன் திரும்பிவிடுகின்றனர். ஆகவே ஊரின் ஜனத்தொகை பருவத்தோடு கூடிக் குறையும்.

ஆனால் வேனிலில் ஊரை விட்டுப் போகிறவர்கள் பாலைவனத்தின் மிகச் சிறந்த காலத்தை இழக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில், ஆளுயரத்தைப் பன்மடங்கு கடந்து நிற்கும் சாகுவாரோக் கள்ளியின் உச்சியில் பழங்கள் சிவந்து பழுக்கின்றன. டோஹோனோ ஊதாம் குடும்பத்தினர், உலர்ந்த அதே கள்ளியின் விலாக்கழிகளைக் கட்டி நீட்டிய தொரட்டியால் அவற்றைப் பறித்து, சதையைக் காய்ச்சிப் பாகு எடுக்கின்றனர். அவர்களுடைய மரபில் மழையை வரவேற்கும் சடங்குக்கு இப்பாகிலிருந்தே மது தயாரிக்கப்படுகிறது. ஜூலையில் இடியோடு வரும் மழை சில நாழிகையில் வறண்ட ஓடைகளைக் காட்டாறுகளாக்கிவிடும். அப்போது கிரியோஸோட் புதர்களிலிருந்து எழும் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை. குளிர்காலத்திலும் மெல்லிய மழை உண்டு. இரு பருவங்களிலும் மழை பெறுவதாலேயே இப்பாலை இவ்வளவு பசுமையாய் இருக்கிறது. இப்பாலைத் தாவரங்களைக் காப்பதற்காகவே, ஊருக்குத் தெற்கேயுள்ள ஆர்கன் பைப் கள்ளிக் காப்பகம் 1937இல் நிறுவப்பட்டது.

பழைய கர்லி பள்ளிக் கட்டடம் கலைஞர்களின் குடியிருப்பாக மாறியிருப்பது ஊரின் புத்துயிர்ப்புக்கு நல்ல சான்று. எனினும் தொலைவு என்னும் சிரமம் தீரவில்லை. பெரிய மருத்துவமனையை நாடுபவர் கிழக்கே டூஸான் நகருக்குச் சுமார் 200 கி.மீ. பிரயாணம் செய்ய வேண்டும். முதுமையில் நோய் வலுக்கும்போது, இவ்வமைதியை விரும்பி வந்தவர்களுள் சிலர் இதன் பொருட்டே வீட்டை விற்று நகரத்துக்குக் குடிபெயர நேர்கிறது.