ஆடை, காலணி அளவெண்

ஆளை நேரில் காணாமலே உடுப்போ செருப்போ அவருக்குப் பொருந்துமா என்று அறிவதற்காகத் தயாரிப்பாளர் இடும் எண் அல்லது எழுத்து அளவெண் எனப்படும். இது நாட்டுக்கு நாடு மாறுபடும். ஒரே நாட்டில் கம்பெனிக்குக் கம்பெனியும் மாறுபடும். எனவே அயல்நாட்டிலிருந்து வரவழைப்போர் எண்ணைச் சொல்லாமல் உடலளவைச் சொல்லிக் கேட்பதே சரியான முறை.

எண் இல்லாமலே அளவு சொல்லும் வழக்கம் இங்கே பழையது. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல், சுற்றுவட்டக் கிராமங்கள் துணிமணி, பாத்திரம், நகை வாங்க வந்துபோகும் கடைத்தெரு ஊர். இந்த வட்டாரத்திலிருந்து முதலில் கொழும்புக்கும், பிறகு சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். ஏரல் போன்ற தென்மாவட்ட ஊர்களில் செருப்பளவு சொல்ல ஈர்க்குச்சியே போதுமாக இருந்தது. பிள்ளையைத் தரையில் நிறுத்தி, குதிகாலிலிருந்து நீண்ட விரலின் நுனிவரை தென்னை ஈர்க்கைக் கிடத்தி, நகத்தால் கிள்ளி ஒடிப்பார்கள். கடைக்காரர் அந்தத் துண்டைச் செருப்பின்மேல் வைத்துப் பார்த்து, வளரும் பிள்ளைக்கு ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு எடுத்துக்கொடுப்பார். கடல் கடந்து அனுப்புவதென்றால் ஈர்க்குக்குப் பதில் தாள்: பாதத்தை அதில் ஊன்றி, பென்சிலால் சுற்றி வரைந்து, கடிதத்தோடு மடித்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. தையற்கடைக்குக் கொண்டுபோகும் அளவு ஜாக்கெட்டும் இதே வகைதான். எண்ணே இல்லாத இம்முறைகளைப் பாமர வழக்கம் என்று தள்ளுவது தவறு. பன்னாட்டுத் தரம் கடைசியில் வந்து நின்றிருப்பதும் பாதத்தின் நீளத்தில்தான்.

தைக்காத உடைக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேட்டிக்கு நாலு முழம், எட்டு முழம் என்றால் முடிந்தது.

எண்ணால் தரம் பிரிப்பது தூத்துக்குடிப் பகுதியின் முத்துக்குளித்துறைக்குப் பழக்கமானது. மன்னார் வளைகுடாவில் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புகளில் முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்தனர். அவற்றின் பெயர்கள் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. எண் ஏற ஏற முத்து சிறுத்தது. ஏனெனில் எண் குறித்தது முத்தின் பருமனை அன்று, சல்லடைத் துளைகளின் எண்ணிக்கையை. எண் எதை அளக்கிறது என்று தெரியாமல் அங்கே விலை பேச முடிந்திருக்காது. ஆடை, காலணி எண்ணுக்கும் இது பொருந்தும்.

காலணி

இங்கிலாந்து எண் தானியத்தில் பிறந்தது. உலர்ந்த வாற்கோதுமை மணி மூன்று சேர்ந்தால் ஓர் அங்குலம் என்பது அந்நாட்டின் இடைக்கால அளவைச் சட்டம். ஒரு மணியின் நீளம், அதாவது 8.46 மி.மீ., ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஆயிற்று. செருப்புத் தைப்போரின் அளவு வரிசை ஒன்றை ஆங்கிலேயரான ராண்டில் ஹோம் 1688-இல் எழுத்தில் பதிந்தார். இன்றைய முறையில் நான்கு அங்குலத்தில் குழந்தைகளுக்கான சுழியம் தொடங்கும். 13 முடிந்தபின் பெரியவர்களுக்கு மீண்டும் 1. தமிழ் அளவையும் தானியத்திலிருந்தே எழுந்தது: எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். இங்கே அது செருப்பு எண்ணாக வளரவில்லை. தைப்பவர் முன்னால் கால் இருந்தது.

ஐரோப்பிய எண் ‘பாரிஸ் புள்ளி’யால் ஆனது, ஒரு புள்ளி மூன்றில் இரண்டு செ.மீ. இவ்விரண்டு முறைகளும் பாதத்தை அளப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளில் ‘லாஸ்ட்’ எனப்படும், காலணியை உருவாக்கும் அச்சுக்கட்டையையே அளக்கின்றன. கட்டை பாதத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. நீளமானது, மூக்குக் கூர்மையான ஷூவுக்கு இன்னும் கூடும். 26 செ.மீ. பாதத்துக்கு ஐரோப்பாவில் 41, இங்கிலாந்தில் 7 அல்லது 7½, அமெரிக்க ஆண்கள் வரிசையில் 8 அல்லது 8½. அமெரிக்கப் பெண்கள் வரிசை இங்கிலாந்து எண்ணைவிட ஏறத்தாழ இரண்டு கூடுதல். ஜப்பான் செ.மீ.யிலும் கொரியா மி.மீ.யிலும் பாதநீளத்தையே எண்ணாக இடுகின்றன. ‘மோன்டோபாயின்ட்’ எனப்படும் ஐஎஸ்ஓ 9407 தரம் நீளத்துடன் அகலத்தையும் மி.மீ.யில் கேட்கிறது. எல்லாவற்றிலும் நேர்மையான முறை இதுவே.

இந்தியா இங்கிலாந்து எண்ணையே கைக்கொண்டது. அது இந்தியக் காலுக்கு உரியதன்று; இங்குள்ளவர் பாதம் அகலமானது. சென்னை அடையாறில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. அதிலிருந்து, பச்சிளங்குழந்தை முதல் பெரியவர்வரை எட்டே பிரிவுகள் கொண்ட ‘பா’ என்னும் இந்திய முறை பரிந்துரைக்கப்பட்டது.

ஆடை

திருப்பூர் பனியனின் 85, 90, 95 என்பவை மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் கூறும் தெளிவான எண்கள். சீன ஆடையின் 170/88A என்பதும் அத்தகையதே: உயரம் 170, மார்பு 88, மார்புக்கும் இடுப்புக்கும் வேறுபாடு 12 முதல் 16 செ.மீ. வரை உள்ள ஆண் உடல்வாகு A. குழப்பம் S, M, L எழுத்துகளில்தான். ஒரே திருப்பூர் ஆலையில் தைக்கும் ‘எல்’ சட்டைகூட எந்த நாட்டு வாங்குநருக்கு என்பதைப் பொறுத்து வேறு வேறு அளவில் வெட்டப்படுகிறது. அமெரிக்காவில் 1939-40-இல் சுமார் 15,000 பெண்களை அளந்து, 1958-இல் ஒரு தரம் வகுத்தனர். 1983-இல் அது கைவிடப்பட்டது. அதன்பின் வாங்குபவர் மனம் மகிழ எண்ணைக் குறைத்து ஒட்டும் வழக்கம் தலையெடுத்தது.

தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் ‘இந்தியாசைஸ்’ ஆய்வு ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கத் திட்டமிட்டது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங் அந்த நகரங்கள். நாட்டின் பின்னலாடைத் தலைநகரான திருப்பூரை உடைய தமிழ்நாட்டில் ஒரு நகரமும் இல்லாதது பெருங்குறை.

அளவெடுத்தல்

பாதத்தை மாலையில், கால் சற்று உப்பியிருக்கும்போது அளக்க வேண்டும். குதிகாலைச் சுவரோடு ஒட்டி, முழு எடையும் ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும். உட்பக்கம் சாய்த்தால் சில மி.மீ. குறைந்துவிடும். இரு கால்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்வது நல்லது. சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்பதால் நீண்ட விரலின் நுனிவரை அளக்க வேண்டும். விற்பனையாளர் அட்டவணையில் உள்ளது பாதநீளமா, உள்ளட்டை நீளமா என்று பார்த்தாக வேண்டும். சட்டைக்கு, நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையை விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து இரட்டித்தால் கிடைப்பது துணியின் சுற்றளவு. உடலின் சுற்றளவு அன்று. தையற்காரர் ‘லூஸ்’ என்பது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே. அட்டவணை எதைத் தருகிறது என்று தெரியாவிட்டால் சட்டை பொருந்தாமல் போகலாம்.

இன்றைய நிலை

கைப்பேசிச் செயலிகளால் அயல்நாட்டுக் கொள்முதல் பெருகியுள்ளது. ஷீஇன், அலிஎக்ஸ்பிரஸ் இரண்டும் 2020-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. ஷீஇன் 2025-இல் ரிலையன்ஸ் வழியே திரும்பியது. வெளிநாட்டுப் பொதிக்குச் சுங்க வரி உண்டு. பொருந்தாததைத் திருப்பியனுப்பும் செலவு பெரும்பாலும் வாங்கியவரையே சாரும்.