தேம்ஸ் நதி மீண்ட கதை

சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘லிட்டில் டொரிட்’ நாவல் 1855 டிசம்பரில் தொடராக வெளிவரத் தொடங்கியது. இலண்டன் நகரின் நடுவே ஓடும் தேம்ஸ் நதி அந்நாவலில் ஒரு சாக்கடையாகவே காட்சி தருகிறது. இது நாவலாசிரியரின் மிகைக்கூற்று அன்று. அதே ஆண்டு ஜூலையில் அந்நதியிலே படகில் சென்ற விஞ்ஞானி மைக்கேல் பரடே, வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து நீரில் இட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் அமிழுமுன்னரே அவை கண்ணுக்கு மறைந்தன. இதனை அவர் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார்.

நேயர்களே, நதி இந்நிலைக்கு வந்தது எவ்வாறு? சுகாதாரச் சீர்திருத்தமே இதற்கு ஒரு காரணம் என்பது விந்தையானது. முன்னர் வீட்டுக் கழிவுகள் குழிகளில் தேங்கின. நீரூற்றிக் கழுவும் மலசலகூடங்கள் பரவியதும் குழிகள் மூடப்பட்டு, வீடுகள் நிலக்கீழ்க் கான்களுடன் இணைக்கப்பட்டன. கான்கள் யாவும் நதியில் முடிந்தன. அந்நதியிலிருந்தே நகரத்தவர் பலர் குடிநீரும் பெற்றுவந்தனர். 1848–49இல் கொலரா இலண்டனில் ஏறத்தாழ 14,000 உயிர்களைக் கொண்டுசென்றது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் எழுந்த துர்நாற்றம் கரையோரத்துப் பாராளுமன்றத்தையும் விட்டுவைக்கவில்லை. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் 82 மைல் நீளமான பிரதான கான்களைச் செங்கல்லாற் கட்டி, கழிவுநீரை நகருக்குக் கிழக்கே பெக்டன், குறொஸ்னஸ் ஆகிய இடங்களுக்குக் கொண்டுசென்றார். 1866இல் கொலரா மீண்டும் வந்தபோது, இக்கான்கள் இன்னும் முழுமையடையாத கிழக்கு இலண்டனையே அது பெரிதும் தாக்கியது.

எனினும், கழிவு அப்புறப்படுத்தப்பட்டதேயன்றிச் சுத்திகரிக்கப்படவில்லை. கடல்வற்று நேரத்தில் அது அப்படியே நதியிற் திறந்துவிடப்பட்டது. நகரத்தின் துன்பம் கீழ்நதியில் வாழ்ந்தோரின் துன்பமாயிற்று. 1878 செப்டெம்பர் 3ஆம் திகதி ‘பிரின்சஸ் அலிஸ்’ என்ற பயணிகள் கப்பல் இத்திறப்புவாய்களுக்கு அண்மையில் மோதுண்டு மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சற்று முன்னர் திறந்துவிடப்பட்ட கழிவுநீரிலேதான் அவர்கள் தத்தளித்தனர். அதன்பின் 1887 முதல் திண்மக் கழிவு பிரிக்கப்பட்டுக் கப்பல்களிற் கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இதுவும் இடமாற்றமே. இவ்வழக்கம் 1998 வரை நீடித்தது.

உண்மையான சுத்திகரிப்புக்கு வழிகாட்டியவை நுண்ணுயிர்களே. நோய்க்கிருமிகளைப் பற்றியே உலகம் அஞ்சியிருந்த காலத்தில், அழுக்கை உண்டு நீரைத் தெளிவிக்கும் நுண்ணுயிர்களும் உண்டென்று வில்லியம் டிப்டின் போன்ற இரசாயனவியலாளர்கள் வாதிட்டனர். 1914இல் மன்செஸ்டரில் ஆர்டனும் லொக்கெற்றும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். கழிவுநீரினூடாகக் காற்றைச் செலுத்தி, அடியிற் படியும் சேற்றை வீசிவிடாது மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். அச்சேற்றிற் பெருகியிருந்த நுண்ணுயிர்கள், முன்னர் வாரக்கணக்கில் நடந்த வேலையைச் சில மணித்தியாலங்களில் முடித்தன. இன்றும் உலகின் பெருநகரங்கள் பல இம்முறையையே கையாள்கின்றன.

வழி தெரிந்ததால் மாத்திரம் நதி மீண்டுவிடவில்லை. நகரம் பெருகியது, நிலையங்கள் போதாதனவாயின, உலகப்போரின் குண்டுவீச்சும் சேதம் விளைவித்தது. 1957இல் நடைபெற்ற ஆய்வு, கியூ தொடக்கம் கிறேவ்சென்ட் வரை நதியில் மீனே இல்லையென்று கண்டது. ஒட்சிசன் இன்றி நதி இறந்துகிடந்தது. குறொஸ்னஸ் நிலையம் 1964இலும் பெக்டன் நிலையம் 1974இலும் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டன. அதே 1974இல் தேம்ஸ் நதியில் ஒரு சல்மன் மீன் அகப்பட்டது. மான்ய ஏட்டிலும் ஆய்வறிக்கையிலும் எழுதமுடியாத சான்றிதழை அம்மீன் வழங்கியது எனலாம்.

பழைய கான்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே ஓடுவதால், பெருமழையில் அவை நிரம்பி நதியில் வழிந்தன. அதனைத் தடுக்க 25 கிலோமீற்றர் நீளமான ஒரு சுரங்கம் 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. பரடேயின் கடிதத்திலிருந்து 170 ஆண்டுகள்! நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குச் சென்ற அழுக்கு, வேறொருவரின் படித்துறையில் ஒதுங்குகிறது. அந்த ஒருவரையும் நம்மவராக எண்ணும்போதுதான் நதி பாதுகாக்கப்படும்.